ஹவாய் வம்சாவளியும் குலக்கதைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹவாய் ஆதிக்குடிகளின் குடும்ப வரலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். அங்கே வம்சாவளி என்பது ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கு இல்லை. ஒரு காலத்தில் அரியணைக்கு அதுதான் பத்திரம். இன்று வீட்டுமனைக்கும் அதுதான் பத்திரம்.

வம்சாவளியை அவர்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள்? அதில் என்னதான் இருக்கும்?

மோஓகூஅவ்ஹவ் என்பார்கள். அடிப்படையில் அது ஒரு பட்டியல்தான்: கணவன் பெயர், மனைவி பெயர், அவர்களுக்குப் பிறந்த பிள்ளை பெயர். அந்தப் பிள்ளை அடுத்த வரியில் கணவனாகவோ மனைவியாகவோ வரும். இப்படியே தலைமுறை தலைமுறையாக இறங்கும். 19ஆம் நூற்றாண்டில் ஹவாய் மொழிச் செய்தித்தாள்கள் இவற்றைக் கணவன், மனைவி, பிள்ளை என்று மூன்று பத்தியாகவே அச்சிட்டன. கவனிக்க வேண்டியது, தாயின் பெயர் விடுபடுவதில்லை. பதவி தாய்வழியாகவும் வந்ததால், தாய் யார் என்று தெரியாத பட்டியலுக்கு மதிப்பு கிடையாது.

குமுலிப்போ என்பது படைப்புக் கதையா, வம்சாவளியா?

இரண்டும்தான். 2,000 வரிகளுக்கு மேல் ஓடும் ஓதல் அது. 16 காலங்களாகப் பிரிந்திருக்கிறது. முதல் ஏழு காலமும் இருட்டில் நடக்கின்றன, மீதி ஒன்பதும் வெளிச்சத்தில். இருட்டில் முதலில் பிறப்பது பவளப்பூச்சி. அப்புறம் புழு, நட்சத்திர மீன், சிப்பி, கடல்பாசி, மீன், பறவை, ஆமை, பன்றி, எலி என்று வரிசை நீளுகிறது. கடலில் ஒரு தாவரம் பிறந்தால் அதற்குக் காவலாக நிலத்தில் ஒரு தாவரம் பிறக்கும். இப்படி ஜோடி ஜோடியாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். எட்டாவது காலத்தில் விடிகிறது, லாஇலாஇ என்ற முதல் பெண் பிறக்கிறாள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் மனிதப் பெயர்கள், நூற்றுக்கணக்கில்.

ஆக, பவளப்பூச்சியில் தொடங்கும் அதே பட்டியல் ஒரு குறிப்பிட்ட அரச குழந்தையில் வந்து முடிகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவின் தலைவர் குடும்பத்தில் பிறந்த கலானினுஇயாமமாவோ என்ற குழந்தைக்காக அது இயற்றப்பட்டது என்பது மரபு. அந்தக் குழந்தையின் வம்சத்தில் வந்தவர்தான் மன்னர் கலாகவுவா. அவர் 1889இல் அதை அச்சில் கொண்டுவந்தார். இலக்கிய ஆர்வம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. தீவுகளை ஒன்றாக்கிய கமேஹமேஹாவின் வம்சம் நேரடி வாரிசில்லாமல் போனபின், 1874இல் சட்டமன்ற வாக்கெடுப்பில் அந்த வம்சத்து விதவை ராணி எம்மாவைத் தோற்கடித்து ஆட்சிக்கு வந்தவர் அவர். முடிவு தெரிந்ததும் எம்மாவின் ஆதரவாளர்கள் நீதிமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து கலவரம் செய்தார்கள். 'உன் பிறப்பு போதுமானதா?' என்ற கேள்வி அவரை ஆட்சி முழுக்கத் துரத்தியது. 1880இல் தலைவர் குடும்பங்களின் வம்சாவளிகளைத் திரட்டிச் சரிபார்க்க அரசு வாரியமே அமைத்தார். பவளப்பூச்சியிலிருந்து தன் வீடுவரை வரும் ஓதலை அச்சிட்டுக் கையில் வைத்திருப்பது அந்தக் கேள்விக்கு நல்ல பதில்தானே!

அவருடைய தங்கை லிலியுவோகலானிதான் கடைசி அரசி. 1893இல் அவரது ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1895இல் ஹோனலூலுவின் இயோலானி அரண்மனையிலேயே அவரைச் சிறைவைத்தார்கள். அங்கே இருந்தபோது தொடங்கிய மொழிபெயர்ப்பு வேலைகளில் குமுலிப்போவும் ஒன்று. 1897இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. தீவுகளை அமெரிக்கா இணைத்துக்கொள்வது பற்றிய பேச்சு வாஷிங்டனில் சூடாக இருந்த ஆண்டு அது.

சேப்பங்கிழங்கு மனிதனின் அண்ணன் என்று நிஜமாகவே நம்புகிறார்களா?

ஆமாம், இதைச் சும்மா அழகுக்காகச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கதை இப்படி: வானத் தகப்பன் வாகேயாவுக்கும் அவர் மகள் ஹோஓஹோகூகலானிக்கும் முதலில் ஒரு பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அதை வீட்டின் ஓரத்தில் புதைத்தார்கள். அந்த இடத்தில் சேப்பஞ்செடி முளைத்தது. ஹாலோவா என்று பெயர் வைத்தார்கள். அடுத்துப் பிறந்த ஆண் குழந்தைக்கும் அதே ஹாலோவா என்ற பெயர். மனிதர்களெல்லாம் அந்தத் தம்பியின் வழி வந்தவர்கள். அண்ணன் தம்பிக்குச் சோறு போடுகிறான், தம்பி அண்ணனுக்குத் தண்ணீர் கட்டிக் களை எடுக்கிறான்.

தகப்பனும் மகளுமா என்று நெற்றி சுருங்கும். தலைவர் குடும்பங்களில் நெருங்கிய ரத்த உறவுக்குள் கூடினால் பிள்ளையின் புனிதம் ஏறும் என்று கருதிய சமூகம் அது. கதை அந்தக் கணக்கிலிருந்து வருகிறது. சாதாரணக் குடும்பங்களுக்கு அந்த அனுமதி கிடையாது.

சேப்பங்கிழங்கை அவித்து, கல்லால் இடித்து, தண்ணீர் விட்டுக் குழைத்த கூழுக்குப் போயி என்று பெயர். அந்தச் சட்டி திறந்திருக்கும்போது வீட்டில் யாரும் சண்டை போடக் கூடாது. மூத்தவர் முன்னால் கத்துவது மரியாதை இல்லை, அவ்வளவுதான் காரணம்.

இது பழங்கதையோடு நின்றுவிடவும் இல்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகம் தான் உருவாக்கிய மூன்று சேப்பங்கிழங்கு ரகங்களுக்கு 2002இல் காப்புரிமை பெற்றது. விவசாயிகளும் மாணவர்களும் கொதித்துப்போனார்கள். எங்கள் அண்ணனுக்கு நீங்கள் எப்படி உரிமையாளர் ஆவீர்கள் என்பதுதான் அவர்கள் வாதத்தின் மையம். வாரிசுரிமைச் சட்டமோ பயிர் அறிவியலோ இந்த வாதத்துக்கு இடம் கொடுக்காது. ஆனாலும் 2006இல் பல்கலைக்கழகம் மூன்று காப்புரிமைகளையும் கைவிட்டது.

தீவுகளும் உறவுக்காரர்கள்தானா?

அப்படித்தான் சொல்கிறார்கள். வாகேயாவின் மனைவி பாபா, நிலத்தாய். ஹவாய், மாவி தீவுகள் இவர்கள் இருவருக்கும் பிறந்தவை. பாபா ஊரில் இல்லாத நேரத்தில் வாகேயா வேறு பெண்களோடு கூடியதில் லானாஇயும் மொலோகாஇயும் பிறந்தன. விஷயம் தெரிந்து கோபித்துக்கொண்ட பாபா லுவா என்ற இளைஞனோடு சேர, ஓவாஹு பிறந்தது. அப்புறம் சமாதானமாகி, கவாஇயும் நீஇஹவ்வும். ஓதலுக்கு ஓதல் இந்த விவரங்கள் கொஞ்சம் மாறும்.

எழுத்து இல்லாத காலத்தில் இதையெல்லாம் எப்படிக் காப்பாற்றினார்கள்? யாராவது பொய் சொன்னால்?

மனப்பாடம்தான். அதற்கென்றே பயிற்சி பெற்ற வம்சாவளிக்காரர்கள் ஒவ்வொரு தலைவரிடமும் இருந்தார்கள். ஓதலில் ஒரு சொல் பிசகினாலும் தவறு என்று கருதினார்கள். யாராவது தலைவரோடு உறவு கொண்டாடி வந்தால், ஹாலே நவுவா என்ற அவையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். பாட்டன் யார், பாட்டி யார், எந்தக் கிளை என்று பத்துத் தலைமுறைபோல மேலே போய்ச் சொல்ல வேண்டும். ஆட்சிக்கு வந்த புதுத் தலைவரின் அவையில் யாருக்கு இடம் என்பது அங்கே முடிவானது.

பொய் சொல்ல ஆசை இருக்கத்தான் செய்யும். அதனால்தான் அடையாளப் பொருள் என்ற ஏற்பாடு. உமியின் கதை இதற்குப் பிரபலமான உதாரணம். ஹவாய்த் தீவின் பெருந்தலைவர் லீலோவா, ஹாமாகுவா பக்கம் போனபோது அகாஹி என்ற பெண்ணோடு கூடினார். பிரியும்போது தன் இடுப்புத்துணி, திமிங்கலப் பல் கோத்த கழுத்தணி, தடி மூன்றையும் கொடுத்து, மகன் பிறந்தால் இவற்றோடு அனுப்பு என்றார். உமி வளர்ந்து வைபியோ பள்ளத்தாக்கில் இருந்த அரண்மனைக்கு வந்தான். காவலைத் தாண்டி உள்ளே போய் நேராகத் தகப்பன் மடியில் உட்கார்ந்தான். தகுதியில்லாதவன் அப்படிச் செய்தால் உயிர் போகும். பொருள்களைப் பார்த்து லீலோவா ஏற்றுக்கொண்டார். பின்னாளில் தீவு முழுவதும் உமி கைக்கு வந்தது.

ஒரு பிள்ளைக்கு இரண்டு தகப்பன் என்று வெளிப்படையாக ஒத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. போஓலுவா என்பார்கள். அது அவமானம் இல்லை, லாபம். இரண்டு குடும்பத்தின் வம்சாவளியும் பிள்ளைக்குச் சேரும். தீவுகளை ஒன்றாக்கிய முதலாம் கமேஹமேஹாவுக்கே கேயோவுவாவோடு மாவித் தலைவர் கஹெகிலியையும் தகப்பனாகச் சொல்லும் மரபு உண்டு.

பிறப்பு உயர்ந்தது என்றால் எவ்வளவு உயர்வு?

கமேஹமேஹாவின் மனைவியரில் பிறப்பால் மிக உயர்ந்தவர் கேயோபூவோலானி. அவருடைய தாயும் தகப்பனும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், தகப்பன்மார் மட்டும் வேறு. அவர் முன் மற்றவர்கள் தரையில் குப்புறக் கிடக்க வேண்டும். போர் செய்து எல்லாத் தலைவர்களையும் அடக்கிய கணவரே அவர் முன் மேலாடையை அவிழ்த்துவிட்டுத்தான் போவாராம். அவர் பெற்ற பிள்ளைகளைத் தன் நெஞ்சின்மேல் உட்கார வைத்து, 'இவர்கள் என்னைவிட உயர்ந்தவர்கள்' என்று காட்டிக்கொள்வார் என்றும் சொல்வார்கள்.

1819இல் கமேஹமேஹா இறந்த பிறகு, ஆணும் பெண்ணும் சேர்ந்து சாப்பிடக் கூடாது என்ற பழைய தடையை உடைக்க முன்னின்றவர்களில் இதே கேயோபூவோலானியும் ஒருவர். தடைகளால் அதிக மரியாதை பெற்றவரே அவற்றுக்கு முடிவு கட்டினார்.

சுறாவும் ஆந்தையும் குலதெய்வமா?

அவ்மாகுவா என்பது செத்துப்போன முன்னோர், குடும்பத்தைக் காக்க ஒரு வடிவம் எடுத்து வருவது. சுறா, ஆந்தை, பல்லி, நீர்க்கோழி என்று குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஊரில் உள்ள எல்லாச் சுறாவும் தெய்வம் இல்லை. தங்கள் குடும்பத்துச் சுறாவைத் தோற்றத்தை வைத்து அடையாளம் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தீனி போட்டவர்கள் உண்டு. இறந்தவரின் உடலைச் சடங்கோடு கடலுக்குக் கொடுத்தால் அவர் சுறாவாக மாறுவார் என்ற நம்பிக்கையும் இருந்தது. எரிமலைத் தெய்வம் பெலேயின் வழி வந்ததாகச் சொல்லும் காவூ, பூனா வட்டாரக் குடும்பங்கள் எலும்புகளைக் கீலவேயா எரிமலைக்குக் கொடுத்தன. இறந்தவர் அங்கே நெருப்பில் ஒருவராகிவிடுவார்.

'எந்த அவ்மாகுவா எனக்குப் பொருந்தும்?' என்று சுற்றுலாப் பயணிகள் தேர்ந்தெடுத்துப் பச்சை குத்திக்கொள்வதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். பாட்டனைத் தேர்ந்தெடுக்க முடியாது.

உறவுமுறைப் பெயர்கள் நம்முடையதைப் போலவா?

நேர் எதிர் என்றே சொல்லலாம். ஹவாய் முறையில் பெற்றோர் தலைமுறை ஆண்கள் எல்லோருக்கும் ஒரே சொல். அப்பா, சித்தப்பா, மாமா மூவரும் மகுவாகானே. மாமா மகளும் அத்தை மகளும் சகோதரிதான். முறைப்பெண் என்ற பேச்சுக்கே இடமில்லை. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் 1871இல் உலக உறவுமுறைகளைப் பிரித்து அடுக்கியபோது ஹவாய் முறையை ஒரு வகைக்கும் தமிழ் முறையை இன்னொரு வகைக்கும் மாதிரியாக எடுத்துக்கொண்டார். மானுடவியல் பாடத்தில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருவது அதனால்தான்.

இன்னொன்று. அண்ணன் தம்பி என்பதைச் சொல்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தே சொல்ல வேண்டும். ஆணுக்குச் சகோதரி ஒரு சொல், பெண்ணுக்குச் சகோதரி வேறு சொல். பழைய கடிதங்களைப் படிப்பவர்களுக்கு இது பெரிய உதவி. எழுதியவர் ஆணா பெண்ணா என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதபோது உறவுச்சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹானாய் என்றால் தத்தா?

கிட்டத்தட்ட. ஆனால் பெற்றவர் யார் என்பதை மறைக்க மாட்டார்கள், உறவும் அறுபடாது. முதல் ஆண் குழந்தையை அப்பாவின் பெற்றோர் கேட்கலாம், முதல் பெண் குழந்தையை அம்மாவின் பெற்றோர் கேட்கலாம் என்பது பழைய வழக்கம். மறுப்பது சுலபமில்லை. தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைதான் ஓதலையும் குடும்ப வரலாற்றையும் கற்றுக்கொள்ளும். தாத்தா பாட்டியிடம்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. லிலியுவோகலானி பிறந்ததும் கோனியா, பாகி தம்பதியிடம் ஹானாயாகக் கொடுக்கப்பட்டார். அவர்களுடைய சொந்த மகள் பெர்னீஸ் பவுவாஹி. இன்று கமேஹமேஹா பள்ளிகள் நடப்பது அந்தப் பவுவாஹி விட்டுச்சென்ற நிலத்தின் வருமானத்தில்.

பெயர்களில் ஏன் இவ்வளவு குழப்பம்?

காரணம் 1860ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன் ஒருவருக்குத் தனக்கென வைத்த பெயர் மட்டும்தான், குடும்பப் பெயர் கிடையாது. அண்ணன் தம்பி பெயர்களை வைத்து உறவு சொல்லவே முடியாது. நான்காம் கமேஹமேஹாவின் அந்தச் சட்டம், மனைவி கணவன் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக வேண்டும், கூடவே ஒரு கிறிஸ்தவப் பெயரும் வேண்டும் என்றது. கிறிஸ்தவப் பெயர் கட்டாயம் 1967 வரை நீடித்தது. அதனால்தான் பழைய தலைமுறைக்காரர்களுக்கு ஹவாய்ப் பெயர் நடுவில் ஒளிந்திருக்கும்.

பெயர் வைப்பதே தனி உலகம். கனவில் முன்னோர் வந்து சொல்லும் பெயர், காற்றில் குரலாகக் கேட்கும் பெயர் என்று வகைகள் உண்டு. அப்படி வந்த பெயரை வைக்காவிட்டால் குழந்தை நோய்ப்படும் என்ற பயம் இருந்தது. நோஞ்சான் குழந்தைக்குக் கண்படாமலிருக்க, நம்மூரில் குப்பை, பிச்சை என்று வைப்பதுபோல, அருவருப்பான பெயர் வைத்தார்கள். நடந்த நிகழ்ச்சியைப் பெயரில் பொதிவதும் உண்டு. லிலியுவோகலானி 1838இல் பிறந்தபோது ஆட்சியில் பெரிய இடத்தில் இருந்த கீனாவுக்குக் கண்வலி. குழந்தைக்கு வைத்த பெயர்கள் எரிச்சல், கண்ணீர், சுடும் வலி, புண்ணான கண் என்று பொருள்படும். பிற்காலத்தில் அண்ணன்தான் அரசிக்கேற்ற மாதிரி பெயரை மாற்றினார்.

ஓதலில் எதுவரை கதை, எங்கிருந்து வரலாறு?

கோடு போட்டுப் பிரிக்க முடியாது. சூரியனைக் கயிறு போட்டுப் பிடித்த மாவி என்ற புராண வீரன் குமுலிப்போவிலும் வருகிறான், தலைவர்களின் பட்டியலிலும் வருகிறான். உமியின் காலத்திலிருந்து வரும் பெயர்களை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் நம்புகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் ஃபோர்னாண்டர் ஒரு தலைமுறைக்கு 30 ஆண்டு என்று வைத்துக் காலத்தைக் கணக்கிட்டார். பின்னால் வந்தவர்கள் அதை 20, 25 என்று குறைத்தபோது மொத்தக் காலவரிசையும் நூற்றாண்டுக் கணக்கில் நகர்ந்துவிட்டது.

இன்று ஒரு குடும்பம் தன் முன்னோரைத் தேடினால் எங்கே போகும்?

ஹோனலூலுவில் மாநில ஆவணக் காப்பகம், பிஷப் அருங்காட்சியகம். 1848இல் நிலத்தைப் பங்கிட்ட மாஹேலேயின்போது சாதாரண மக்கள் கொடுத்த சாட்சியங்கள் அருமையானவை. யாரிடமிருந்து நிலம் வந்தது, பக்கத்து வயல் யாருடையது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். 1834 முதல் 1948 வரை வந்த ஹவாய் மொழிச் செய்தித்தாள்களில் இரங்கல் செய்திகளும் புலம்பல் பாட்டுகளும் நிறைய. ஆனால் 1896இல் பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியபின் பிறந்த தலைமுறைகள் பெரும்பாலும் அதைப் படிக்கத் தெரியாமல் வளர்ந்தன.

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் 1897ஆம் ஆண்டு மனு. அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்து 21,000க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அது வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. 1990களில் ஆய்வாளர் நோயெநோயெ சில்வா அதைத் தேடி எடுத்து வெளியே கொண்டுவந்ததும், தங்கள் பாட்டன் பாட்டி பெயரை மக்கள் பக்கம் பக்கமாகத் தேடினார்கள். 'எங்கள் வீட்டில் எதிர்த்ததாக யாரும் சொல்லவே இல்லையே' என்ற குடும்பங்களுக்கு ஊர்ப்பெயரோடு கையெழுத்து கிடைத்தது.

நூல் அறுந்துபோகும் இடங்களும் உண்டு. 1866 முதல் 1969 வரை தொழுநோய் என்று சொல்லிச் சுமார் 8,000 பேரை மொலோகாஇயின் கலவுபாபாவுக்கு அனுப்பினார்கள். அங்கே பிறந்த குழந்தைகளை உடனே பிரித்து வெளியே வளர்த்தார்கள். வெட்கத்தால் குடும்பங்கள் அந்தப் பெயர்களையே விட்டுவிட்டன.

பாதி ரத்தம் வேண்டும் என்ற சட்டம் என்ன?

1921இல் அமெரிக்க நாடாளுமன்றம் சுமார் 2,00,000 ஏக்கரை ஹவாய் மக்களுக்கென ஒதுக்கியது. 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு ஒரு டாலர். தகுதி: 1778க்கு முன் தீவில் இருந்தவர்களின் ரத்தம் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இதற்காகப் போராடிய இளவரசர் கூஹியோ இவ்வளவு கறாரான வரம்பைக் கேட்கவில்லை. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் என்று தலைமுறை தலைமுறையாக அடுக்கிப் பின்னத்தைக் கூட்டி 1/2 வருகிறதா என்று காட்ட வேண்டும். ஹானாயாக வளர்ந்த பிள்ளைக்கு வளர்த்தவர்களின் ரத்தம் கணக்கில் வராது. பல ஆயிரம் பேர் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார்கள், காத்திருந்தே இறந்தவர்களும் உண்டு. குத்தகை வைத்திருப்பவரின் நெருங்கிய வாரிசுக்கு மட்டும் 1/4 போதும்.

பழைய முறையில் பின்னமே கிடையாது. ஒருவர் ஹாலோவாவின் வழி வந்தவர், அல்லது வராதவர். கால்வாசி வழித்தோன்றல் என்று யாரையும் ஓதலில் சொல்ல முடியாது. வம்சாவளியைப் பள்ளியில் கற்றுத்தந்த பெருமையோடு, அலுவலகத்தில் அதே வம்சாவளியை எண்ணாக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே ஆளே செய்கிறார்.

2000ஆம் ஆண்டில் இன்னொரு திருப்பம். ஹவாய் ஆதிக்குடிகளின் நலனைக் கவனிக்கும் மாநில அமைப்பான ஹவாய் விவகார அலுவலகத்தின் தேர்தலில் ஹவாய் வம்சத்தார் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வம்சம் என்ற பெயரில் இனத்தைத்தான் சொல்கிறீர்கள் என்பது தீர்ப்பின் சாரம்.

டிஎன்ஏ சோதனை போதாதா?

பாலினீசிய ரத்தம் உண்டா என்று சொல்லும், பாட்டியின் பெயரைச் சொல்லாது. தீவுகளுக்குள்ளேயே பல நூற்றாண்டு மணம் செய்துகொண்டதால் தூரத்து உறவினரும் பக்கத்து உறவுபோலத் தெரிவார்கள். எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும்.

முன்னோரின் எலும்புகள் பற்றி ஏன் அவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறார்கள்?

ஒருவருடைய சக்தி எலும்பில் தங்கும் என்பதால் அதை ஒளித்துப் புதைப்பார்கள். கமேஹமேஹாவின் எலும்பு எங்கே என்று இன்றும் யாருக்கும் தெரியாது. 1980களின் இறுதியில் மாவித் தீவின் ஹோனோகஹுவாவில் ஹோட்டல் கட்டத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை எடுத்துவிட்டார்கள். போராட்டம் வெடித்தது. ஹோட்டலைக் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டினார்கள், எலும்புகள் திரும்பப் புதைக்கப்பட்டன. அதன் விளைவாகத் தீவுகளில் புதைகுழி மன்றங்கள் வந்தன. தங்கள் முன்னோர் புதைந்த இடம் இது என்று வம்சாவளி காட்டும் குடும்பத்தின் சொல்லுக்கு அங்கே தனி எடை உண்டு.

ஹவாய் நண்பரிடம் அவருடைய வம்சாவளியைக் கேட்கலாமா?

எந்த ஊர், யார் குடும்பம் என்று தாராளமாகக் கேட்கலாம். அவர்களே முதலில் அதைத்தான் கேட்பார்கள். முழு ஓதலையும் கேட்பதும், கேட்டதைப் பதிவு செய்து இணையத்தில் போடுவதும் வேறு விஷயம். சில குடும்பங்களில் அது வெளியாருக்குச் சொல்லக் கூடாதது. வீட்டுக்குள்ளேயே, கற்றுக்கொள்ளத் தயார் என்று பெரியவர்கள் நினைக்கும் பிள்ளைக்கு மட்டும்தான் போய்ச் சேரும். சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.